காக்கும் கை

படைத்தல், காத்தல், அழித்தல் என்று மூன்று தொழில்களையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆனால் மூன்றையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. படைப்பில் வியப்பு இருக்கிறது. அழிவில் அச்சம் இருக்கிறது. நடுவில் நிற்கும் காத்தலோ ஒன்றும் நடக்காத இடைவேளை போலத் தோன்றுகிறது. வந்தது வந்தபடி இருக்கிறது, யாரும் அதைக் கலைக்கவில்லை, அவ்வளவுதான் என்று எண்ணிக்கொள்கிறோம். இந்த எண்ணம் தவறு என்பதே என் வாதம். ஒன்றைக் காப்பது என்றால் அதை ஓயாமல் மறுபடி செய்வது. மறுபடி செய்யும்போது மாற்றாமல் இருக்க முடியாது. இதைக் கோயில், மொழி, நூல் போன்ற பெரிய சான்றுகளைக் கொண்டு நிறுவலாம். ஆனால் அவற்றைச் சூழ்ந்திருக்கும் பக்தியும் பெருமிதமும் சான்றைப் பார்க்கவிடாமல் குறுக்கே வந்து நிற்கும். அதனால் எவரும் கும்பிடாத ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். ஸ்வீடனில் ட்ரோல்ஹாட்டன் என்ற ஊரில் உருவான சாப் 900 டர்போ என்ற பழைய குடும்பக் கார் அது.

சாப், 1937இல் விமானம் கட்டுவதற்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம். போருக்குப் பிறகு கார் செய்யத் தொடங்கியது. 1970களில் மற்ற நிறுவனங்கள் கூடுதல் விசைக்காக ஆறு சிலிண்டர், எட்டு சிலிண்டர் என்று பெரிய இன்ஜின்களை வைத்திருந்தன. சாப்பிடம் இருந்தவற்றில் பெரியதே 2 லிட்டர் நாலு சிலிண்டர் இன்ஜின்தான். புதிதாகப் பெரிய இன்ஜின் ஒன்றை உருவாக்கும் வசதி அந்தச் சிறிய நிறுவனத்துக்கு இல்லை. பெர் கில்பிராண்ட் என்ற பொறியாளரும் அவருடைய குழுவினரும் இருந்த இன்ஜினிலேயே வழி தேடினார்கள். இன்ஜினிலிருந்து வெளியேறி வீணாகும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, சிலிண்டருக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடுதலாக எரியும். சின்ன இன்ஜின் பெரிய இன்ஜினைப் போல இழுக்கும். டர்போசார்ஜர் என்ற இந்தக் கருவி அப்போது புதியதல்ல. லாரியிலும் பந்தயக் காரிலும் விலை உயர்ந்த சில விளையாட்டுக் கார்களிலும் அது இருந்தது. சாப் செய்தது, அதைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் காருக்குக் கொண்டுவந்தது. 1977இல் ஃப்ராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 99 டர்போ வந்தது. அதன் வழித்தோன்றலான 900 மறு ஆண்டிலிருந்து 1993 வரை உற்பத்தியானது. கூரை திறக்கும் வகை மட்டும் இன்னும் ஓராண்டு நீடித்தது. டர்போ உள்ளதும் இல்லாததுமாக ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள். பின் இருக்கையை மடக்கினால் ஒரு வீட்டுச் சாமானில் பாதி ஏறிவிடும் அகலம், பனிக்காலச் சாலையை மனதில் வைத்துச் செய்த உறுதி, அதற்குள் இந்தப் புகைச் சக்கரம்.

இந்தச் சக்கரத்தின் இயல்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். என் வாதம் இதன் மேல்தான் நிற்கிறது. முழு வேகத்தில் இதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். ஒரு பக்கம் சிவக்கக் காய்ந்த இரும்பு, மறுபக்கம் வெளிக்காற்றின் குளிர்ச்சி. இடையில் தண்டைத் தாங்குவது ஆயிலின் மெல்லிய படலம். உலோகம் உலோகத்தைத் தொடாமல், ஆயிலில் மிதந்தபடி சுழல்கிறது. நெடுஞ்சாலையில் விரட்டி வந்துவிட்டு உடனே சாவியைத் திருப்பி நிறுத்தினால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும். உள்ளே தேங்கிய ஆயில் அந்தச் சூட்டில் கருகிக் கரியாகப் படியும். அந்தக் கரி ஆயில் வழியை அடைக்கும். அடுத்த முறையோ பத்தாவது முறையோ தண்டு வறண்டு உரசும். அதனால்தான் இந்த வண்டியை அறிந்தவர்கள் நிறுத்துமுன் ஒரு நிமிடமாவது இன்ஜினை அமைதியாக ஓடவிடுகிறார்கள். ஆயிலைக் குறித்த காலத்துக்கு முன்பே மாற்றுகிறார்கள். வண்டியின் உயிர் அதன் இரும்பில் இருக்கிறது என்று நினைப்போம். உண்மையில் அது வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும் ஆயிலில் இருக்கிறது. அந்த ஓட்டம் ஒரு கணம் தவறினால் வலிய இரும்பு தன்னைத் தானே காத்துக்கொள்ளாது.

அப்படியானால் இது குறையுள்ள படைப்பு என்று உடனே ஒரு குரல் எழும். நல்ல பொருள் என்றால் கவனிப்பு இல்லாமல் ஓட வேண்டாமா? இந்தக் கேள்விக்கு ஒரு பெரிய முன்கதை உண்டு. 1715ஆம் ஆண்டு மெய்யியலாளர் லைப்னிட்ஸ், வேல்ஸ் இளவரசி கரோலினுக்கு எழுதிய கடிதத்தில் நியூட்டனைச் சாடினார். கோள்களின் ஒழுங்கு காலப்போக்கில் சீர்குலையக்கூடும், அதைச் சரிசெய்ய வேண்டிவரும் என்று நியூட்டன் கருதியிருந்தார். அப்படியென்றால் கடவுள் தான் செய்த கடிகாரத்துக்கு அவ்வப்போது சாவி கொடுத்து, துடைத்து, பழுதும் பார்க்க வேண்டியவர் ஆகிவிடுகிறார். அவர் மட்டமான கைவினைஞர் என்றல்லவா பொருள் என்பது லைப்னிட்ஸின் வாதம். நியூட்டன் தரப்பில் பதில் எழுதியவர் சாமுவேல் கிளார்க். மனிதக் கைவினைஞன் ஏற்கெனவே இருக்கும் விசைகளைச் சேர்த்துப் பூட்டுகிறவன்தான், அவனுடைய கருவி அவன் இல்லாமல் நெடுநாள் ஓடுவது அவன் திறமைக்குச் சான்று என்று அவர் ஒப்புக்கொண்டார். கடவுளோ விசைகளுக்கே மூலம். அவருடைய கண்காணிப்பு இல்லாமல் உலகம் ஓடுகிறது என்பது, அரசன் ஆளாமலே எல்லாம் நடக்கும் அரசு போல, பெயரளவுக்கு ஓர் அரசனை வைத்திருப்பதாகும் என்றார். கிளார்க்கின் பக்கமே நியாயம் என்பது என் முடிவு. ஆனால் அவர் மனிதப் பொருள்களை லைப்னிட்ஸிடம் விட்டுக்கொடுத்தது தேவையற்றது. கவனிப்பே வேண்டாத கருவி என்று எந்தக் கைவினைஞனும் இதுவரை ஒன்றைச் செய்ததில்லை. கவனிக்க முடியாத கருவிகளைத்தான் செய்திருக்கிறார்கள். ஒட்டி மூடப்பட்டு, கெட்டால் குப்பைக்குப் போகும் கருவிகளை. சாப் 900இல் இன்ஜினை முன்பின்னாகத் திருப்பி, கியர்பாக்ஸை அதன் அடியில் வைத்திருக்கிறார்கள். அதன் பயனாக கிளட்ச் வண்டியின் முகப்பிலேயே இருக்கிறது. இன்ஜினை இறக்காமலே அதை மாற்றிவிடலாம். பின்னால் வரப்போகும் ஒரு கைக்கு அதில் இடம் இருக்கிறது. அப்படி இடம் விடுவது படைப்பின் குறை என்றால் குறை என்ற சொல்லுக்கே பொருள் போய்விடும்.

சரி, கவனிப்பு வேண்டும், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் கவனிப்பு வேறு, மாற்றம் வேறு என்று அடுத்த தடை வரும். தேய்ந்த பாகத்தை எடுத்துவிட்டு அதே பாகத்தைப் பூட்டுவது பராமரிப்பு. இல்லாததைக் கொண்டுவந்து பூட்டுவது மாற்றம். முன்னது விசுவாசம், பின்னது துரோகம். இந்தக் கோடு தாளில் தெளிவாக இருக்கிறது, வண்டியில் இல்லை. 1980களின் தொடக்கத்தில் வந்த 900 டர்போவில் டர்போவைக் குளிர்விக்க ஆயில் மட்டுமே இருந்தது. பிற்பகுதியில் வந்த வண்டிகளில் டர்போவின் பேரிங் பகுதியைச் சுற்றித் தண்ணீர் ஓடும்படி செய்தார்கள். கரி படியும் தொல்லை பெரிதும் குறைந்தது. பழைய டர்போ தேய்ந்துபோன ஒருவர் தண்ணீர் ஓடும் வகையைப் பூட்டினால் அது பராமரிப்பா, மாற்றமா? அன்று நிறுவனம் சொன்ன ஆயிலுக்குப் பதிலாகச் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும் இன்றைய சிந்தெடிக் ஆயிலை ஊற்றினால்? ஸ்வீடனில் 2021 ஆகஸ்டிலிருந்து சாதாரண 95 பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் ஹோஸ்களை எத்தனால் அரிக்கும். அதே பழைய வகை ரப்பரைத் தேடிப் பூட்டுகிறவர் தன் வண்டிக்குத் தீ வைக்கும் வேலையைச் செய்கிறார். ஏசியில் இருந்த பழைய வாயுவை ஓசோன் படலத்தைக் காக்க வந்த 1987 மொன்றியல் உடன்படிக்கை படிப்படியாக ஒழித்தது. வேறு வாயுவுக்கு மாற்றினால்தான் ஏசி ஓடும். கார் நின்ற இடத்தில் நின்றாலும் அதைச் சுற்றி உலகம் நகர்ந்துவிட்டது. நகர்ந்த உலகத்தில் முன்போலவே ஓட வேண்டுமென்றால் அதுவும் நகர வேண்டும். அப்படியே வைத்திருப்பதுதான் இங்கே அழிக்கும் வழி.

மெய்யியலாளர்களும் சமயவாதிகளும் இதே முடிவை வேறு வழிகளில் தொட்டிருக்கிறார்கள். 1641இல் வெளியான தம் தியானங்களில் மூன்றாவதில் டேகார்ட் ஒன்றைச் சொல்கிறார்: இந்தக் கணம் நான் இருக்கிறேன் என்பதிலிருந்து அடுத்த கணமும் இருப்பேன் என்று வந்துவிடாது, ஒவ்வொரு கணமும் என்னை இருக்கச் செய்ய, முதலில் படைக்க எவ்வளவு ஆற்றல் வேண்டுமோ அதே அளவு வேண்டும், காத்தலும் படைத்தலும் நம் எண்ணத்தில்தான் இரண்டு. இஸ்லாமிய இறையியலில் அஷ்அரி மரபினர் இன்னும் முன்னே சென்று, பொருள்களின் பண்புகள் இரண்டு கணங்கள் நீடிப்பதில்லை, இறைவன் அவற்றைக் கணந்தோறும் புதிதாகப் படைக்கிறான் என்றார்கள். நம் கூத்தன் சிலையில் இது வாதமாக இல்லாமல் உருவமாக இருக்கிறது. உடுக்கை ஏந்திய கை படைக்கிறது, தீ ஏந்திய கை அழிக்கிறது, அஞ்சேல் என்று காட்டும் கை காக்கிறது. முதலில் ஒன்று, பிறகு ஒன்று என்று வரிசை இல்லை. ஒரே ஆட்டத்தில் எல்லாம் நிகழ்கின்றன. அந்தக் காக்கும் கை அசையாமல் இருப்பது போலத் தெரிகிறது. ஆனால் அது ஆடிக்கொண்டிருக்கும் உடம்பின் கை. ஆட்டம் நின்றால் அஞ்சேல் என்ற வாக்கும் நின்றுவிடும். காத்தலை ஒரு நிலையாக எண்ணி வந்த நாம், சோழர் காலத்துச் சிற்பிகள் அதை ஒரு செயலாகவே வார்த்திருப்பதைக் கவனிக்கத் தவறியிருக்கிறோம்.

இங்கே பழைய கேள்வி ஒன்றைச் சந்தித்தே ஆகவேண்டும். ஓயாமல் மாற்றிக்கொண்டே இருந்தால், கடைசியில் எதைத்தான் காத்தோம்? தீசியஸின் மரக்கலத்தில் பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட கதையை எல்லாரும் அறிவார்கள். 1655இல் மெய்யியலாளர் ஹாப்ஸ் அதில் ஒரு முடிச்சைச் சேர்த்தார்: கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்து அதே வரிசையில் இன்னொரு கலம் கட்டினால் எது தீசியஸின் கலம்? புத்தக அறையில் இது விடுகதை. பழைய சாப்களின் உலகத்தில் இது அன்றாட நடப்பு. விபத்தில் நசுங்கிய ஒரு 900இன் கியர்பாக்ஸ் ஓடும் இன்னொன்றுக்குப் போகிறது. துருப்பிடித்த ஒன்றின் கதவு மூன்றாவதுக்குப் போகிறது. இன்று ஓடும் பல 900களில் இறந்த வேறு வண்டிகளின் உறுப்புகள் இருக்கின்றன. எந்த வண்டி எது என்ற குழப்பம் அதனால் எவருக்கும் வருவதில்லை. சட்டம் உடற்கூட்டில் பொறித்த எண்ணைப் பார்த்துத் தீர்ப்பு சொல்கிறது. ஆனால் எண் என்பது ஓர் அடையாளச் சீட்டு. அது வண்டி எது என்று சொல்லும், வண்டி என்பது எது என்று சொல்லாது.

மிலிந்தர் என்ற கிரேக்க மன்னருக்கும் நாகசேனர் என்ற பௌத்தத் துறவிக்கும் நடந்த உரையாடல் இங்கே வருவதற்கு உரிமை உள்ளது, ஏனென்றால் அதன் உவமையே ஒரு வண்டிதான். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று நாகசேனர் கேட்கிறார். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்ற பதில் வருகிறது. எல்லாம் சேர்ந்ததும் தேர் அல்ல, எல்லாவற்றுக்கும் அப்பால் தேர் என்று வேறொன்றும் இல்லை. தேர் என்பது இவற்றைச் சார்ந்து எழும் ஒரு வழக்குப் பெயர். மாறாத சாரம் ஒன்று உள்ளே ஒளிந்திருக்கிறது என்ற மயக்கத்தைக் கலைப்பதற்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. டர்போவைக் கழற்றி, இன்ஜினைக் கழற்றி, கம்பிகளை உருவிப் பார்த்தாலும் உள்ளே சாப்தன்மை என்று ஒன்று கையில் அகப்படாது. ஆனாலும் பெயர் என்று சொல்லி நிறுத்துவதில் ஒரு குறை இருக்கிறது. பெயர் தானாக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. கொட்டகையில் பத்தாண்டு கவனிப்பாரற்றுக் கிடந்த வண்டியைப் பாருங்கள். பெயர் அதே பெயர், எண் அதே எண், பாகங்கள் அதே பாகங்கள். பெட்ரோல் பிசினாகி, சீல்கள் காய்ந்து வெடித்து, பிரேக் பூட்டிக்கொண்டிருக்கும். பாகம் ஒன்றுகூடப் போகவில்லை, வண்டி போய்விட்டது. மாறாக, நூறு பாகம் மாறி ஓடிக்கொண்டிருக்கும் வண்டி, வண்டியாகவே இருக்கிறது.

இந்த இடத்தில் சமணர்கள் சொன்னதுதான் எனக்கு அதிகம் ஒத்துவருகிறது. உள்ள பொருள் எதுவானாலும் அதில் தோன்றுதல், கெடுதல், நிலைத்தல் என்ற மூன்றும் ஒருங்கே இருக்கின்றன என்பது அவர்கள் கொள்கை. பௌத்தரை எதிர்த்து வாதாடும் நீலகேசி தமிழில் இந்தத் தரப்பிலிருந்து எழுந்த நூல்தான். ஆசாரியர் சமந்தபத்திரர் காட்டும் உவமையில் பொற்குடத்தை உருக்கி முடி செய்கிறார்கள். குடத்தை விரும்பியவன் வருந்துகிறான், முடியை விரும்பியவன் மகிழ்கிறான், பொன்னை விரும்பியவன் இரண்டும் இல்லாமல் இருக்கிறான். அழகான உவமை. ஆனால் அங்கே நிலைத்து நிற்கப் பொன் இருக்கிறது. காருக்குப் பொன் எது? இரும்பு துருவாகிப் போகிறது, ரப்பர் பொடிந்து போகிறது, ஆயில் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை வடிந்து போகிறது. நிலைப்பது பொருள் அல்ல, பொருள்களுக்கு இடையே உள்ள உறவு. இவ்வளவு காற்றுக்கு இவ்வளவு பெட்ரோல், இவ்வளவு சூட்டுக்கு இவ்வளவு குளிர்ச்சி, இவ்வளவு இழுவைக்கு இவ்வளவு தாங்கும் பல்சக்கரம், இவ்வளவு வேகத்துக்கு இவ்வளவு பிரேக். இவை எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பயன். அந்த இசைவுதான் பொன். அதைக் கணந்தோறும் நிலைக்கச் செய்வது கவனிக்கும் ஒருவரின் வேலை. அந்த வேலை நின்ற அன்று இசைவும் கலைந்துவிடும்.

இதிலிருந்து, எந்த மாற்றம் காக்கும், எந்த மாற்றம் கெடுக்கும் என்பதற்கு ஓர் உரைகல் கிடைக்கிறது. இது முக்கியம், இல்லாவிட்டால் எதை வேண்டுமானாலும் செய்துவிட்டுக் காத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். டர்போ கார் வைத்திருப்பவருக்கு முதலில் வரும் ஆசை அழுத்தத்தைக் கூட்டுவது. புகையின் ஒரு பகுதியைச் சக்கரத்துக்குப் போகாமல் வெளியே திருப்பிவிடும் வால்வு ஒன்று இருக்கிறது. அது திறப்பதைத் தாமதப்படுத்தினால் போதும், காற்றழுத்தம் ஏறும், வண்டி பாயும். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆனால் கூடிய இழுவை முழுவதும் அடியில் இருக்கும் கியர்பாக்ஸுக்குப் போகிறது. அதுதான் இந்தக் காரின் பலவீனமான இடம் என்பது இதை ஓட்டுகிறவர்கள் அனைவரும் அறிந்தது. ஓர் உறுப்பைப் புகழ இன்னோர் உறுப்பைப் பலி கொடுக்கும் மாற்றம் இது. இன்னொருவர் அழுத்தத்தைச் சிறிதளவே கூட்டி, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைப் பெரிதாக்கி, பெட்ரோல் கலவையைச் சரிபார்த்து, பிரேக்கையும் அதற்குத் தக்கபடி வலுப்படுத்தினால், இசைவு புதிய அளவில் மீண்டும் அமைகிறது. எண்ணிக்கையில் பார்த்தால் இரண்டாமவர் செய்த மாற்றங்களே அதிகம். காரைக் காத்தவரும் அவரே.

சாப் நிறுவனமே இந்த உரைகல்லை ஒரு கருவியாகச் செய்து வண்டியில் வைத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது. கில்பிராண்டின் குழு உருவாக்கி 1980களின் தொடக்கத்தில் வந்த ஏபிசி (APC) என்ற அமைப்பு அது. அதற்கு முன் பாதுகாப்புக்காக அழுத்தத்துக்கு ஒரு நிலையான வரம்பு வைத்திருந்தார்கள். மட்டமான பெட்ரோல் கிடைத்தாலும் இன்ஜின் உடையாதபடி அந்த வரம்பு தாழ்வாகவே இருக்க வேண்டியிருந்தது. ஏபிசியில் இன்ஜின் உடம்பில் ஓர் உணரி பொருத்தப்பட்டது. சிலிண்டருக்குள் கலவை முறைதவறி வெடிக்கும்போது எழும் நாக்கிங் ஒலியை அது கேட்கும். கேட்டவுடன் அழுத்தம் குறைக்கப்படும். அடங்கியதும் மீண்டும் ஏற்றப்படும். எந்தத் தரப் பெட்ரோலானாலும் இன்ஜின் தாங்கும் எல்லைவரை போகலாம், தாண்ட முடியாது. எழுதிவைத்த விதி போய், கேட்டு அறியும் வரம்பு வந்தது. அழுத்தத்தைக் கூட்ட விரும்பி அந்த உணரியைச் செயலிழக்கச் செய்பவர் காரை மாற்றவில்லை, காரின் காதை அடைக்கிறார். மாறாக, மாற்றம் குறைவாக இருந்தும் காரே இல்லாமல் போனதற்கும் சான்று உண்டு. 1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற டர்போ கார் வந்தது. நாக்கிங்கைத் தடுக்க அதற்குத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த நீர்மத்தை ஒரு தனித் தொட்டியில் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பலர் நிரப்பவில்லை. தொல்லை தாளாமல், நிறுவனமே டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரைப் பூட்டிக் கொடுத்தது. வண்டிகள் தொல்லையில்லாமல் ஓடின. ஆனால் அவை ஜெட்ஃபயர் அல்ல. கழற்றிய கை படைத்தவருடைய கை என்பதால் அந்த இழப்பு இல்லாமல் ஆகிவிடவில்லை.

படைத்தவரின் கை என்று சொன்னதும் வலுவான எதிர்வாதம் ஒன்று எழுகிறது. இசைவு, இசைவு என்கிறீர்கள். எது இசைவு என்று சொல்ல உங்களுக்கு என்ன அதிகாரம்? அதைச் சொல்ல வேண்டியவர் செய்தவர். நிறுவனம் எப்படி அனுப்பியதோ அப்படி வைத்திருப்பதே அடக்கம், மற்றது அகந்தை. இந்த வாதத்தில் இருக்கும் பணிவை நான் மதிக்கிறேன். மூல வடிவத்தில் சில வண்டிகள் இருக்க வேண்டும் என்பதிலும் எனக்கு மறுப்பு இல்லை. 2011 டிசம்பரில் சாப் கார் நிறுவனம் திவாலானபோது ட்ரோல்ஹாட்டன் அருங்காட்சியகத்தின் கார்கள் விற்பனைக்கு வந்தன. அவை சிதறாமல் இருக்க மறு ஆண்டே அந்த நகராட்சியும் பிறரும் சேர்ந்து வாங்கிக் காத்தது நல்ல காரியம். ஆனால் அங்கே காக்கப்படுவது சான்று. ஓடும் பொருளைக் காப்பது வேறு வேலை. மேலும், செய்தவர் ஒரு நாளும் ஒரே வடிவத்தில் நிற்கவில்லை. எட்டு வால்வு இன்ஜின் பதினாறு வால்வு ஆனது, இன்டர்கூலர் வந்தது, டர்போவுக்குத் தண்ணீர் வந்தது. பதினைந்து ஆண்டுகள் அவர் தம் படைப்பைத் திருத்திக்கொண்டே இருந்தார். அவருடைய நோக்கத்துக்கு விசுவாசமாக இருப்பது என்றால் எந்த ஆண்டின் நோக்கத்துக்கு? இப்போது அவரும் இல்லை. கேட்டு அனுமதி பெற ஆள் இல்லாத நிலையில் பொறுப்பு கவனிப்பவரிடம் வந்து சேர்கிறது. அவர் அகந்தையாலும் செயல்படலாம், அடக்கத்தாலும் செயல்படலாம்; செயல்படாமல் இருக்க மட்டும் முடியாது. தந்தை இறந்த வீட்டில் அவர் வைத்த இடத்திலேயே எல்லாம் இருக்கட்டும் என்று கூரை ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது பிள்ளைக்கு அழகில்லை.

பௌத்தத் தரப்பிலிருந்து இன்னும் ஆழமான ஒரு கேள்வி இருக்கிறது. நிலையாமையை அறிந்தவர் பற்றை விட வேண்டாமா? நாற்பது ஆண்டுப் பழைய இரும்பைக் கட்டிக்கொண்டு அழுவது பற்றின் வேறு வடிவம் அல்லவா? பற்று நுழையும் வாசல் இது என்பதை மறுக்க மாட்டேன். மனைவி மக்களுக்குத் தர வேண்டிய பொழுதையும் பணத்தையும் காரில் கொட்டுகிறவர்கள் உண்டு. அங்கே குடும்பக் கார் குடும்பத்தைத் தின்கிறது, அதன் பயனே தலைகீழாகிவிடுகிறது. ஆனால் பராமரிப்பு என்ற செயலைப் பற்றோடு ஒன்றாக்குவது சரியில்லை. பற்று என்பது இது போகாது என்ற நம்பிக்கை. பராமரிப்பவரோ ஒவ்வொரு பாகமும் எப்போது போகும் என்று கணக்கு வைத்திருப்பவர். ஆயில் கறுப்பதை, பட்டை வெடிப்பதை, பேரிங் முனகுவதை அவர் நாள்தோறும் பார்க்கிறார். நிலையாமையைப் பற்றி அவருக்கு யாரும் சொற்பொழிவு ஆற்ற வேண்டியதில்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை பளபளக்கும் புது வண்டிக்கு மாறுகிறவர்தான் மூப்பைக் காணாமல் தப்பித்துக்கொள்கிறார். அவரே எதிலும் பற்றில்லாதவர் போலத் தெரிகிறார் என்பது நம் பார்வையின் கோளாறு.

ஒரு தடையை மட்டும் முழுவதும் விலக்க என்னால் முடியாது. பழைய கார் புதிய காரைவிடக் கூடுதலாகப் புகை கக்கும். மோதினால் உள்ளே இருப்பவர்களைக் குறைவாகக் காக்கும். தன் காலத்தில் பாதுகாப்புக்குப் பெயர் வாங்கிய 900க்கும் இது பொருந்தும். அதன் தொடக்க கால வண்டிகளில் ஏர்பேக் கிடையாது. குழந்தையைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டுவதற்கான கார், அந்தக் குழந்தையைக் காப்பதில் பின்தங்கிவிட்டால் எந்த இன்டர்கூலரும் அதை ஈடுசெய்யாது. புதிய வண்டியைச் செய்வதற்கும் இரும்பும் எரிபொருளும் செலவாகின்றன, இருப்பதை ஓட்டுவது அந்தச் செலவை மிச்சப்படுத்துகிறது என்ற பதில் உண்மைதான், ஆனால் பாதி உண்மை. வண்டி எவ்வளவு தூரம் ஓடுகிறது, எதற்காக ஓடுகிறது என்பதைப் பொறுத்துத் தராசு சாயும். இதை நான் ஒப்புக்கொள்வதற்குக் காரணம், காத்தலுக்கு முடிவு உண்டு என்பதும் என் வாதத்தின் பகுதி என்பதே. கூத்தனின் தொழில்களில் அழித்தல் காத்தலின் தோல்வியாக வைக்கப்படவில்லை. அதே ஆட்டத்தின் இன்னொரு கையாக வைக்கப்பட்டிருக்கிறது.

சாப் 900இல் அந்த முடிவு பெரும்பாலும் இன்ஜினிலிருந்து வருவதில்லை. அந்த இன்ஜின் நெடுநாள் உழைக்கும். முடிவு துருவிலிருந்து வருகிறது. பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு, முன்சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் அச்சுகளைச் சுற்றியுள்ள தகட்டில் மண்ணோடு சேர்ந்து தங்கி, உள்ளிருந்து அரிக்கும். சிறிய ஓட்டையானால் வெட்டி ஒட்டலாம். அது உடற்கூட்டின் சுமைதாங்கும் பகுதிக்குள் பரவிவிட்டால் ஒட்டுவதற்கு நல்ல தகடு எஞ்சியிருக்காது. அப்போது அறிந்தவர்கள் வண்டியை ஒரே நாளில் நசுக்கப் போடுவதில்லை. டர்போவைக் கழற்றி அதன் தண்டை ஆட்டிப் பார்க்கிறார்கள். ஏபிசி பெட்டியை எடுத்துத் துணியில் சுற்றுகிறார்கள். கியர்பாக்ஸ் நல்ல நிலையில் இருந்தால் அதற்கு ஏற்கெனவே ஒருவர் காத்திருப்பார். விளக்கு, கண்ணாடி, மடக்கும் இருக்கையின் கொண்டி என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, எந்த ஆண்டு வண்டியிலிருந்து எடுத்தது என்று எழுதி வைக்கிறார்கள். கடைசியில் எண் பொறித்த வெறும் கூடு மட்டும் நிற்கும். எடுத்த கியர்பாக்ஸில் புது ஆயில் ஊற்றுவதற்கு முன், கீழே உள்ள அடைப்பைத் திறந்து, வடியும் பழைய ஆயிலில் இரும்புத் துகள் மின்னுகிறதா என்று விரல் நுனியில் தேய்த்துப் பார்ப்பார் அதை வாங்கியவர்.